பிறை ஒத்து வந்த வருடம்: ஷார்ஜாவிலிருந்து ஆனைமலைக்கு ஒரு பெருநாள் பயணம்

எனக்கு வருடத்துக்கு இரண்டு நோன்புப் பெருநாள். பொறாமைப்படாதீர்கள், இரண்டும் போனில்தான். ஷார்ஜாவில் நாங்கள் பெருநாள் கொண்டாடும் அன்றே கோயம்புத்தூர் குனியமுத்தூரில் என் தம்பியும் கொண்டாடுவான். அவன் சேர்ந்திருக்கும் கூட்டத்தார் உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்றுக்கொள்பவர்கள். சோமனூரில் இருக்கும் அண்ணன் ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தோடு போகிறவர். உள்ளூரில் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குப் பிறை. அதனால் பெரும்பாலும் அவருக்கு மறுநாள்தான் பெருநாள். முதல் நாள் தம்பிக்கு வீடியோ கால், இரண்டாம் நாள் அண்ணனுக்கு வீடியோ கால். இரண்டு நாளும் ஒரே சேலையோடு உட்கார்ந்தால் ஊரே பேசும் என்று இரண்டாவது சேலை எடுக்கிற செலவு வேறு.

வெளிநாட்டில் பெருநாள் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறேகாலுக்குத் திடலில் தொழுகை. அங்கே நானும் மகளும்கூடப் போய்த் தொழுவோம். ஒன்பது மணிக்குள் பிரியாணியைத் தின்றுவிட்டு எல்லோரும் படுத்துவிடுவோம். சாயங்காலம் எழுந்து கடற்கரைக்குப் போய், மற்ற குடும்பங்கள் கூட்டமாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு வருவோம். நாங்கள் மூன்றே பேர். நான், டெய்லர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், அங்கேயே பிறந்து கல்லூரி வாசலுக்கு வந்துவிட்ட மகள் நஸ்ரின்.

எங்களிடம் அத்தாவின் சஹன் ஒன்று இருக்கிறது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு. என் கல்யாணத்தின்போது அத்தா எனக்குக் கொடுத்தது. சின்ன வயதில் அதில் அத்தா, அண்ணன், நான், தம்பி என்று நாலு பக்கம் உட்காருவோம். அம்மா நின்று பரிமாறுவார். முதல் கவளம் வாய்க்குப் போனதும் அத்தா, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். அம்மா உப்பை மூட்டையோடு கொட்டியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஷார்ஜாவில் அந்தச் சஹனில் ஒரு பக்கம் எப்போதும் காலியாகவே இருந்தது.

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. ஏழு வருடத்துக்கு முன் அத்தாவும் மௌத்தானார். எனக்கு விசா புதுப்பிக்கும் நேரம், வர முடியவில்லை. நாற்பதாம் நாள் அண்ணன் அத்தாவுக்காக ஃபாத்திஹா ஓதி எல்லோருக்கும் சோறு ஆக்கினார். தம்பி வந்தான், ஆனால் "இதெல்லாம் மார்க்கத்துல இல்லீங்ணா" என்று சோற்றைத் தொடவில்லை. அண்ணன் ஜமாஅத்தார் முன்னால் எழுந்து, "நீ அத்தாவுக்குப் பொறந்தவன்தானாடா?" என்று கேட்டுவிட்டார். மார்க்கப்படி யார் சரி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஏழாவதோடு நின்றவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு வாசலில் கால் வைத்ததில்லை. நான் போனில் எத்தனை முறை கூப்பிட்டும் இருவரிடமும் ஒரே பதில்தான். பெருநாளே வேறு வேறு நாள், எங்கே ஒன்றாக உட்காருவது?

இந்த வருடம் என் வீட்டுக்காரர் துணி அளக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஒரு கணக்குச் சொன்னார். ஒரு நாள் முன்னால் தொடங்கிய ஷார்ஜாவில் நோன்பு முப்பதும் ஊரில் இருபத்தொன்பதும் ஆனால் இரண்டு பெருநாளும் ஒரே நாளில் விழும். உடனே இருவருக்கும் போன் போட்டேன். அண்ணன், "பிறை ஒத்து வந்தா வாரேன் கண்ணு" என்றார். தம்பி, "பிறை ஒத்து வந்தா வாரேங்க்கா" என்றான். வார்த்தைகூட மாறவில்லை. ஏழு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் வாக்கியம் என்று சந்தோஷப்பட்டு டிக்கெட் போட்டுவிட்டேன். பெருநாள் சீசன், போக வர மூன்று பேருக்கு 4,200 திர்ஹம். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் ஒரு லாபம்தான்.

யார் வீட்டில் தங்கினாலும் மற்றவருக்கு மனத்தாங்கல். அதனால் இரண்டுக்கும் பொதுவாக ஆனைமலையைப் பிடித்தேன். அத்தா அங்கேதான் டீக்கடை வைத்திருந்தார், அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். எங்களுக்கு இப்போது அங்கே வீடு கிடையாது. ஒரு தென்னந்தோப்பில் இருக்கும் வாடகை வீட்டைப் போனிலேயே பேசி முடித்தேன். நாளுக்கு 3,000 ரூபாய், மூன்று ரூம், வாசலில் விறகடுப்பு. "கறி ஆக்கிக்கலாமுங்களா?" என்று கேட்டதற்குத் தோப்புக்காரர், "தாராளமா ஆக்கிக்கோங்க. வெளிய அடுப்புலங்க. உள்ளார மட்டும் வேண்டாமுங்க, எங்கம்மா பூஜை ரூமு இருக்குது" என்றார். இப்படி முன்கூட்டியே சொல்லிவிடுகிறவரிடம் நம்பித் தங்கலாம்.

விமானம் விடியற்காலையில் கோயம்புத்தூரில் இறங்கியது. நோன்பில் வருபவர்கள் கவனிக்க: இறங்கியபின், நோன்பு வைக்கும் முன் சஹர் சாப்பிட நேரம் கிடைக்கும், ஆனால் பெட்டி வரும் நேரத்தை நம்பக் கூடாது. கையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டார்கள். மெஷினில் வட்டமாக ஏதோ தெரிந்ததாம்.

"என்னம்மா இது, தங்கத் தட்டா?" என்றார் அதிகாரி.

"தங்கமா இருந்தா நான் எதுக்குங்க சார் சாதா டிக்கெட்டுல முன்சீட்டுக்காரன் தலைய மடியில வெச்சுட்டு வாரேன்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். திறந்து பார்த்து, தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, "இத்தாம் பெரிய தட்டுல யாரு சாப்பிடுவாங்க?" என்றார். "நாங்க நாலு பேருங்க. நான், எங்கண்ணன், தம்பி, எங்க வீட்டுக்காரரு" என்று பெருமையாகச் சொன்னேன். நஸ்ரின் காதோடு, "அம்மா, அவரு கேட்டது ஜெனரலா" என்றாள்.

வெளியே அந்தோணி காத்திருந்தார். கருமத்தம்பட்டிக்காரர், சொந்தக் கார். அன்று முழுக்கச் சோமனூர், குனியமுத்தூர், பொள்ளாச்சி வழியாக ஆனைமலை வரை 5,500 ரூபாய்க்குப் பேசியிருந்தேன். பெட்டியைத் தூக்கியவர், "ஏனுங்க்கா, உள்ள அம்மிக்கல்லுங்களா?" என்றார். சஹன் மட்டும் நாலு கிலோ. அதுபோக அண்ணனுக்கும் தம்பிக்கும் என் வீட்டுக்காரர் ஒரே பீஸில் வெட்டித் தைத்த மயில்கழுத்து நிறச் சட்டைகள் இரண்டு.

விமான நிலையத்திலிருந்து அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டி, அங்கே திரும்பிச் சோமனூர். 22 கிலோமீட்டர், காலையில் முக்கால் மணி நேரம் போதும். அண்ணன் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறார். பதினாறு தறி ஒரே நேரத்தில் ஓடும் இடத்தில் பாசத்தைக்கூடக் கத்தித்தான் காட்ட வேண்டும். என்னைப் பார்த்ததும் அண்ணன் கண் கலங்கி, "எளச்சுட்ட கண்ணு!" என்று கத்தினார். தொண்ணூறு கிலோவில் இருக்கும் என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். சட்டையைக் கொடுத்தேன். தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதே துணி அவனுக்குமா?" என்றார். "ஆமாண்ணா" என்றேன். மடித்து வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. நான் அதையே பெரிய வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கழிச்சு வருவியாண்ணா?"

"அதான் சொன்னனே கண்ணு. பிறை ஒத்து வந்தா வராம எங்க போறேன்?"

சோமனூரிலிருந்து குனியமுத்தூர் ஊரைக் குறுக்கே வெட்டி 38 கிலோமீட்டர். உக்கடத்தில் மேம்பாலம் வந்ததிலிருந்து நேரம் மிச்சம் என்கிறார்கள். எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறான். தாடி நரைத்துவிட்டது. "என்னடா, மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியா?" என்றேன். "உன்ற வாய் மட்டும் இன்னும் இளமையா இருக்குதுக்கா" என்றான். சட்டையைப் பார்த்து அவனும் அதே கேள்வி கேட்டான். "அவருக்கும் இதேவாக்கா?" ஆமாம் என்றேன். கடையிலேயே சட்டையை மாட்டிப் பார்த்தான். கை நீளம் சரியாக இருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு கை, ஒரே அளவு தோள். என் வீட்டுக்காரர் ஒரு அளவை வைத்தே இரண்டையும் தைத்திருந்தார்.

"அத்தா கபருக்கு வருவியாடா? பெருநாள்னு தனியா அங்க போறதெல்லாம் நீ ஒத்துக்க மாட்டியே."

சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "நீ அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கற. பிறை ஒத்து வந்தா வாரேங்க்கா" என்றான்.

அங்கிருந்து பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்து ஆனைமலை 50 கிலோமீட்டர். ரோடு நான்கு வழியாகி நிழலெல்லாம் போய்விட்டது. கிணத்துக்கடவு தாண்டும்போது நோன்பு வைத்த வாய்க்கு வெயில் தெரிந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. காரணம் அந்தோணிக்கு முன்பே தெரியும். "இன்னைக்கு அமாவாசைங்க்கா. மாசாணியம்மன் கோயிலுக்கு ஊரே வரும். நாமளும் வரிசைல நிக்க வேண்டியதுதான்." யோசித்துப் பாருங்கள். பிறைக்கு முந்தின நாள் அமாவாசையாகத்தான் இருக்கும். இத்தனை வருடம் பிறையைத் தேடின எனக்கு அது உறைக்கவே இல்லை. பெருநாளைக் கணக்கு வைத்து ஆனைமலை போகிறவர்கள் அமாவாசையன்று மதியத்துக்குமேல் ஊருக்குள் நுழையாதீர்கள்.

அன்று இரவு, வளைகுடாவில் பிறை தெரியவில்லை, அங்கே முப்பதாவது நோன்பும் உண்டு என்று தம்பி மெசேஜ் அனுப்பினான். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறுநாள் மாலை இங்கே தெரிய வேண்டும்.

மறுநாள் காலை முழுக்க ஆனைமலைக் கடைவீதியில் அலைந்தோம். ஆட்டுக்கறி கிலோ 900, ஐந்து கிலோ. சீரகச் சம்பா நாலு கிலோ. பிரியாணி ஆக்கும் தேக்சாப் பாத்திரம் வாடகை 250. இரண்டு குடும்பமும் சேர்ந்தால் நாங்கள் பதினான்கு பேர். மாலை ஆறரைக்குத் தோப்பின் மேற்கு ஓரத்தில் போய் நின்றோம். தெற்கே மலை, மேற்கே எவனோ நட்ட தென்னை. என் வீட்டுக்காரரால் கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோக்க முடியாது, அவர் வானத்தில் பிறை தேடினார். நஸ்ரின் போனில் எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்டுபிடித்தது தோப்புக்காரரின் மனைவி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், "ஏனுங்க, அதா பாருங்க, அந்த வளஞ்ச மரத்துக்கு இடப்பக்கம். நகத்த வெட்டிப் போட்டாப்ல" என்றார்.

இருந்தது. மெல்லிசாக, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது. நான் சத்தமாக அழுதுவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய், "என்னங்க ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, நாளைக்கு எங்களுக்கு நோம்பி" என்றேன், பண்டிகைக்கு இந்தப் பக்கத்துச் சொல்லில். "நோம்பிக்கு யாராச்சு அழுவாங்களா?" என்று சிரித்தார். கால் மணி நேரத்தில் பள்ளிவாசல் மைக்கிலும் சொல்லிவிட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஒத்து வந்துருச்சு!" அந்தப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே, "ஆமா கண்ணு. ஒத்து வந்துருச்சு" என்றார். தம்பியும் அதையேதான் சொன்னான், "ஆமாங்க்கா. ஒத்து வந்துருச்சு." இரண்டு குரலிலும் ஏதோ குறைந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

பெருநாள் காலை. என் வீட்டுக்காரர் ஊர்ப் பள்ளிவாசலில் எட்டரைத் தொழுகைக்குப் போனார். அங்கே பெண்களுக்கு இடமில்லை. நானும் நஸ்ரினும் தேக்சாவுக்கு முன்னால் இருந்தோம். தம்மில் போட்டுவிட்டு, மூடிமேல் தணல் அள்ளி வைத்துவிட்டு, பத்து மணிக்கு அத்தா அடங்கியிருக்கும் கபரஸ்தான் வாசலுக்குப் போனோம். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை என்பதால் வேப்ப மரத்தடியில் நின்றோம். தொழுகைக்குப் பிறகு அண்ணன், தம்பி, என் வீட்டுக்காரர் மூன்று பேரும் அங்கே கபரில் ஓதிவிட்டு, அப்படியே தோப்புக்கு வந்து சாப்பிட வேண்டியது. இதுதான் ஏற்பாடு. மதினிகளும் பிள்ளைகளும் மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் வந்தது தம்பி. அத்தனை தூரமும் பைக்கில், அதே மயில்கழுத்துச் சட்டையில். "ஈத் முபாரக்குக்கா" என்றான். நஸ்ரினுக்குப் பெருநாள் காசு கொடுத்தான். "மாமா, இது ரெண்டு நாளைக்கும் சேத்தா?" என்றாள் அவள், என்னைப் போலவே வளர்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் தொழுகை முடிந்து நேராக உள்ளே போயிருந்தார். தம்பி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றான். "அண்ணனும் வரட்டுங்க்கா, சேந்து போறோம்" என்றான். ஏழு வருடத்தில் அவன் வாயிலிருந்து "அண்ணன்" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அதுவரை "அவரு"தான்.

பத்தரைக்கு ரோட்டுத் திருப்பத்தில் அண்ணனின் வெள்ளைக் கார் வந்தது. கல்லெறி தூரம்தான் இருக்கும். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். கார் நின்றது. கண்ணாடிக்கு வெளியே வைத்திருந்த கை தெரிந்தது, அதே மயில்கழுத்துச் சட்டைக் கை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது, முன்னால் வந்து வளைந்தது, வந்த வழியே போய்விட்டது.

நஸ்ரின், "பார்க்கிங் தேடறாரும்மா" என்றாள். அந்தப் பக்கம் முழுக்கப் பொட்டல்தான். யானையைக்கூட நிறுத்தலாம்.

போன் போட்டேன். மூன்றாவது முறை எடுத்தார். "வண்டி சூடாயிருச்சு கண்ணு. மெக்கானிக்கிட்டக் காட்டோணும்" என்றார்.

"அண்ணா. சூடான வண்டி அத்தன வேகமாப் போகாதுண்ணா."

அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னார். "அவன அங்க கபரு வாசல்ல, இந்தச் சட்டைல பாத்ததும் காலு தானா பிரேக்குக்குப் போயிருச்சு கண்ணு. அச்சு அத்தா நின்னாப்லயே நிக்கறான். அவனப் பாத்து நான் அந்தக் கேள்வி கேட்டுப்போட்டனே. எந்த மூஞ்சிய வெச்சுட்டு எறங்கறது? பிறை என்னைக்கும் ஒத்து வராதுன்னு நெனச்சுத்தான் நான் வாரேன்னு சொன்னேன்."

தம்பியிடம் போனை நீட்டினேன். "அவரு வருத்தப்படறாருடா. நீயே பேசு." அவன் வாங்கவில்லை. "அன்னைக்குக் கேட்டது நூறு பேருக்கு முன்னால. இன்னைக்கு வருத்தப்படறது உன்ற போனுக்குள்ளயா?" என்றான். நான் கையைப் பிடித்தேன். "சாப்பிட்டாவது போடா." அவன் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டான். "நான் வளஞ்சு வந்தனுங்க்கா. நீயே பாத்தீல்ல. இங்க வரைக்கும் வந்தேன்." பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கபருக்குள் அவனும் போகவில்லை. அண்ணனும் போகவில்லை. அன்று அத்தாவுக்கு ஓதியது மருமகனான என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் வெளியே வந்து, "எங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

தோப்புக்குத் திரும்பினோம். மதினிகள் இருவரும் ஆளுக்கொரு மெசேஜ் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாம், இன்னொரு வீட்டுக்கு விருந்தாளியாம். கொங்குப் பக்கம் வருபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே யாரும் முகத்தில் அடித்தமாதிரி மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வராமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

தேக்சாவைத் திறந்தேன். நாலு கிலோ அரிசிப் பிரியாணி, மூன்று பேர். மதியம் எல்லோரையும் ஆழியாறு அணைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்ததால் அந்தோணி வந்திருந்தார். "அந்தோணி, நீங்களாச்சும் உக்காருங்க" என்றேன். அவர் நெளிந்தார். "தப்பா நெனைக்காதீங்க்கா. தவக்காலமுங்க. ஈஸ்டர் வரைக்கும் கறி தொடறதில்லீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் அன்று என் சோற்றைத் தின்ன ஒரு ஆள் மிச்சமில்லை. ஆனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சஹனின் நாலாவது பக்கத்தில் சம்மணம் போட்டார். "பாயசம் மட்டும் ஊத்துங்க்கா. எடம் சும்மா இருக்கறதுக்கு நான் உக்காந்துக்கறேன்." நாங்கள் மூவரும் பிரியாணி தின்றோம், அவர் சேமியாப் பாயசம் குடித்தார். ஆழியாறு போகவில்லை.

மிச்சத்தைப் பங்கு போட்டேன். தோப்பில் தேங்காய் உரிப்பவர்கள் மனம் நிறையச் சாப்பிட்டார்கள், அந்தோணி பிள்ளைகளுக்கு ஒரு தூக்கு, அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் ஆளுக்கொரு பெரிய தூக்கு. இரண்டிலும் கறித்துண்டை எண்ணி வைத்தேன், பிறகு அதற்கும் சண்டை வரக் கூடாது. அந்தோணி போகிற வழியில் குனியமுத்தூரிலும் பிறகு சோமனூரிலும் கொடுத்துவிட்டார்.

பொழுது சாய்ந்து அண்ணனிடமிருந்து குரல் மெசேஜ் வந்தது. "பிரியாணி நல்லாருந்துச்சு கண்ணு. உப்புத்தான் ஒரு கல்லு கம்மி." அதற்கு முன்பே தம்பி அனுப்பியிருந்ததை நான் அப்போதுதான் திறந்தேன். "எல்லாம் சரிதாங்க்கா. உப்பு ஒரு கல்லு கம்மி."

உப்பு சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அத்தா நாக்கு. இரண்டு மெசேஜையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அண்ணனுடையதைத் தம்பிக்கும் தம்பியுடையதை அண்ணனுக்கும் அனுப்பினேன். இரண்டும் போய்ச் சேர்ந்து, கேட்டாயிற்று என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

திரும்பும்போது பெட்டியில் சஹன்மேல் என் சேலைகளைச் சுற்றி வைத்தேன். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. யாராவது நிறுத்தி, யாரெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வரிசையில் நின்று யோசித்து வைத்ததுதான் வீண்.

பெருநாளுக்கு ஊர் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டை நோன்பு தொடங்கும் முன்பே போடுங்கள், கடைசிப் பத்து நாளில் விலை இரட்டிப்பாகும். லீவு ஒரு நாள் கூடுதலாகவே எடுங்கள், இங்கே பிறை உங்கள் முதலாளியைக் கேட்டு வராது. ஆனைமலையில் தோப்பு வீடு நல்ல இடம், தண்ணீருக்குக் குறையில்லை, கொசுவத்தி மட்டும் கொண்டுபோங்கள். அமாவாசைக் கூட்டத்தைச் சொல்லிவிட்டேன். கார் வேண்டுமென்றால் நாள் வாடகைக்குப் பேசுங்கள். தவக்காலத்தில் டிரைவருக்குத் தனியாகச் சாம்பார் வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உறவுக்காரர்களை ஒன்றுசேர்க்கப் போகிறவர்கள் மட்டும் இதைப் படியுங்கள். நான் இருவரிடமும் பிறை ஒத்து வந்தால் வருவீர்களா என்று கேட்டேன், 4,200 திர்ஹம் செலவு செய்தேன். நீங்கள் போனிலேயே, காசு செலவில்லாமல், மற்றதைக் கேளுங்கள்: பிறை ஒத்து வராவிட்டாலும் வருவாயா? அதற்கும் சரி என்கிறவர் இருந்தால் டிக்கெட் போடுங்கள். இல்லையென்றால் கடற்கரைக்குப் போங்கள். அங்கே மற்ற குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும்.